படுக்க மறுத்த கழுதை

எங்கள் கிறிஸ்தவ சபை கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம். சபை நாளன்று எப்போதும் பிலேயாம் நாடகம்தான். தீர்க்கதரிசி கழுதையில் ஏறிப் போவார். வழியில் தேவதூதன் உருவிய வாளோடு நிற்பான். அவன் கழுதையின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அதைப் பார்த்துக் கழுதை படுத்துவிடும்; மூன்று அடி வாங்கியதும் வாய் திறந்து பேசும். ஒன்பது வருஷம் நான்தான் தேவதூதன். கணக்கு டீச்சர் என்பதைவிட அந்த வெள்ளை இறக்கையில்தான் எனக்குப் பெருமை.

போன வருஷம் எங்கள் சபைக்கு மருமகளாக வந்த ஒருத்தி வீடு தேடி வந்தாள்.

"வீடியோவுல அக்கா வாள உருவினத பாத்து எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. அக்காவுக்கு எறக்கை கட்டி விட்டா போரும் எனக்கு."

உருகிப் போனேன். ஒத்திகைக்கெல்லாம் கூடவே வந்தாள். எந்த வார்த்தையில் மூச்சை நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மூட்டுவலியைக்கூட அவளிடம்தான் சொன்னேன்.

விடைத்தாள் திருத்த நாகர்கோவில் போனதால் இரண்டு நாள் ஒத்திகைக்கு வர முடியவில்லை. திரும்பி வந்தபோது இறக்கை அவள் முதுகில் இருந்தது. பிலேயாமாக நடிக்கும் சபைச் செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டீச்சருக்கு மூட்டுவலி உண்டும்லா. தேவதூதன் ஸ்டூலுல ஏறி நிக்கணும். அவ நிக்கட்டு."

"அப்ப நான்?"

"கழுதைக்கு ஆளில்ல."

மூட்டுவலிக்காரியை நாலு காலில் நடக்கச் சொன்னது அங்கே யாருக்கும் விநோதமாகப் படவில்லை. கோபத்தில் நானும் சரி என்றுவிட்டேன்.

சபை நாள் மாலை. அட்டைக் காதுகளோடு மேடைக்குப் போனேன். செயலாளர் என் முதுகில் உட்காராமல் உட்கார்ந்தபடி கூடவே நடந்தார். எதிரே ஸ்டூலில் அவள், வாளை உருவினாள். நான் சொல்லிக்கொடுத்த அதே மூச்சு.

நான் படுக்க வேண்டும். மனசு வரவில்லை.

செயலாளர் மரச்சீனிக் கிழங்குச் செடிக் கம்பால் அடித்தார். அசையவில்லை. மூன்று அடிதான் கணக்கு. ஆறாவது அடி உண்மையாகவே விழுந்தது.

"படுங்கக்கா," என்றாள் தேவதூதன், உதடு அசையாமல்.

ஏழாவது அடிக்குக் கம்பு ஓங்கியபோது எழுதிக்கொடுத்த வசனம் மறந்துபோயிற்று.

"ஏன் ஓய், என்னப் போட்டு இந்த அடி அடிக்கீரு? ஒமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பந்தல் அதிர்ந்தது. போதகர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்பில் தேவதூதன் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. சிறந்த நடிப்புக்கான குத்துவிளக்குப் பரிசு கழுதைக்குக் கிடைத்தது. வீடியோவைப் பார்த்துவிட்டுக் குவைத்திலிருந்து என் தம்பி கூப்பிட்டு, அந்தக் கழுதை யார் என்று கேட்டான்.

இந்த வருஷம் மாற்றி, யோனா நாடகம். நினிவே ராஜா வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யோனாவை விழுங்கும் மீனுக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். பட்டியலில் அவள் பெயருக்கு மேலே என் பெயர் இருக்கிறதா என்று நேற்றுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.