அரை மார்க்கு மேடம் குறைக்க மறுத்த மார்க்கு

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அரை மார்க்கு மேடம்'. கணக்குத் துறையில் பல வருடங்களாகப் பாடம் நடத்துபவர். விடை சரியாக இருந்தாலும், நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் அரை மார்க்கு போய்விடும். கெஞ்சினாலும் திரும்பி வராது. நுழைவுத் தேர்வில் வடிகட்டி எடுக்கிற கல்லூரி அது. பள்ளியில் முதல் இடத்தைத் தவிர வேறெதையும் பார்த்திராத பிள்ளைகள், இவர் திருத்திய முதல் தேர்வுத் தாளை வாங்கிய கையோடு முகம் தொங்கிப்போய் வெளியே வருவார்கள். வீட்டில் கணவர்கூடக் கேலி செய்வார்: "சட்டையை இஸ்திரி போட்டுட்டேன். காலர்ல மட்டும் ஒரு சுருக்கம். எவ்வளவு குறைப்பே?"

அந்த வருடம் இறுதியாண்டு வகுப்பில், ஒரு பெண் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே கண் சொருகிச் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்றார் மேடம்.

"நேரமில்ல மேடம். இந்த வாரம் எல்லாரும் ஆளுக்கொரு அசைன்மென்ட் குடுத்திருக்காங்க. உங்களோடதுதான் பெருசு."

கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. பிள்ளைகளுக்குத் தன் பாடம் ஒன்றுதான் என்பதுபோல இத்தனை காலம் வேலை கொடுத்துவந்தது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே வாரக் கணக்குகளைப் பாதியாக்கினார். "ரொம்பக் குஷியாகாதீங்க. இருக்கறதை யோசிச்சுப் போடணும். திருத்துறது பழையபடிதான்."

பழையபடிதான் திருத்தினார். ஆனால் பிள்ளைகள் தூங்கினார்கள், யோசித்தார்கள், அறைக்கே வந்து சந்தேகம் கேட்டார்கள். பருவத் தேர்வில் பாதிப்பேர் முதல் தரம் வாங்கினார்கள்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன மேடம், நீங்களா இப்படி அள்ளிக் குடுத்தீங்க? முதல் தரம் அஞ்சுல ஒருத்தருக்குத்தான்னு முடிவு பண்ணியிருக்கோம்ல? எல்லாருக்கும் குடுத்தா நம்ம காலேஜுக்கு என்ன மதிப்பு? கொஞ்சம் இறக்கிடுங்க."

"எங்க இறக்கணும்னு காட்டுங்க சார். தப்பு இருந்தா நானே வெட்டுறேன். சரியாப் போட்ட பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லிக் குறைப்பேன்?"

"பிடிவாதம் பிடிக்காதீங்க."

"அரை மார்க்குக்கே பிடிவாதம் பிடிச்சவ சார் நான்."

விடைத்தாள்களை வேறொரு கல்லூரி ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார் முதல்வர். திரும்பி வந்தபோது பலருக்கு மார்க்கு கூடியிருந்தது. முதல்வர் மார்க்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். அஞ்சுல ஒருத்தர் என்ற விதியை மட்டும் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு மேடத்துக்கு இறுதியாண்டு வகுப்பு கிடைக்கவில்லை. அந்த விதி பொருந்தாத முதலாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வருத்தம் இருக்கத்தான் செய்தது. பிறகு ஒரு காலை, முதலாண்டுக்கே இயற்பியல் எடுக்கும் ஆசிரியரின் மேஜைக்குப் போய், "உங்க அசைன்மென்ட் எந்தக் கிழமை சார்? அந்தக் கிழமை நான் வைக்கல" என்றார். அவர் முதலில் விழித்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் கிடந்த தாள்களை அள்ளி எடுத்துவிட்டு, "உக்காருங்க, பேசுவோம்" என்றார்.