நான்காவது முறை வரைந்த கண்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. என் அக்காவுக்கு நடந்தது. அவள் பல் செட் செய்கிறவள். இல்லாததைச் சொல்லும் பழக்கமே அவளுக்குக் கிடையாது.

எண்ணெய் ஓவியம் கற்க வகுப்பில் சேர்ந்தாள். முதல் பாடமே, பழைய உருவப்படம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைவது. அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் படம் பிடித்துப்போய், அதன் அச்சுப் பிரதியை வாங்கிவந்து மாடி அறையில் மாட்டினாள். நெற்றி, மூக்கு, கழுத்து எல்லாம் மூன்று வாரத்தில் வந்துவிட்டன. கண்தான் உயிரை வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனக்கெட்டு இரண்டு கண்ணையும் முடித்தாள். திங்கள் மாலை வேலை விட்டு வந்து பார்த்தால், கண்களைக் காணோம். மேல் இமையின் தோல் நிறம் கீழே இறங்கி இரண்டையும் மூடியிருந்தது.

எண்ணெய் அதிகமாகி வழிந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுரண்டி எடுத்துவிட்டு, எண்ணெயைக் குறைத்து மறுபடி வரைந்தாள்.

புதன்கிழமை, மறுபடியும் அதே.

இந்த முறை அவள் வீட்டுக்காரர் மாட்டினார்.

“என் படத்தைத் தொட்டீங்களா?”

“அந்த ரூம் பக்கம் வந்தாலே கடிக்கிறே. நான் ஏன் தொடப் போறேன்?”

மூன்றாவது முறை வரைந்து, அறையைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை திறந்தால்... மூடிய கண்கள். வழிந்த பெயின்ட் இல்லை அது. இமை முடிகள் ஒவ்வொன்றாக வரையப்பட்டிருந்தன. அக்காவுக்கு இன்னும் கைவராத நுணுக்கம்.

அப்போதும் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஒரு மாத உழைப்பு. சனிக்கிழமை நான்காவது முறையாகக் கண்ணை வரைந்துவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இன்று பார்த்துவிடுவது என்று.

மாலை 4.10. நல்ல வெயில்.

4.25. கான்வாஸில் சத்தம். சர்... சர்... தூரிகை இழுப்பதுபோல.

தூரிகைகள் எல்லாம் டப்பாவில்தான் இருந்தன.

இமை இறங்கியது.

பாதி...

முழுதும்.

ஓடப் பார்த்தாள். கதவருகே போய் நின்று திரும்பினாள்.

“சரி... இனிமே திறக்கல” என்றாள்.

சத்தம் நின்றது. மணி 4.31.

அடுத்த வாரம் அருங்காட்சியகம் போய், மூலப்படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். அங்கிருந்த காவலர் பக்கத்தில் வந்தார்.

“இந்தக் கண்ணைத்தானே பார்க்கறீங்க? படத்தைத் துடைக்க இறக்கினப்போ பின்பலகையில ஓவியர் எழுதினது இருந்துச்சு. நானே படிச்சேன்.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“‘இறந்த இரண்டாம் நாள் பார்த்து வரைந்தது. கண்களைத் திறந்து வரையச் சொன்னது கணவர்.’”