மஞ்சள் இல்லாத கை

ஜூன் 18, செவ்வாய், காலை 10.40, விடாத சாரல். கரமனை வீட்டில் நாங்கள் சாம்பார்ப் பொடி செய்து விற்கிறோம். மிக்ஸி இரண்டு முறை புகைந்துவிட்டதால், மானியத்தில் அரவை இயந்திரம் கேட்டு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு நான் போன ஐந்தாவது தடவை அது. நான்கு முறை தாள் குறைவு என்றார்கள். இம்முறை மனுவையே புதிதாக எழுதச் சொன்னார்கள்.

வாசலில் குடைக்கடியில் ஒருவர் மனு எழுதிக்கொடுப்பார். ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல். எழுதுமுன் வந்தவரின் கைகளைப் பார்ப்பது அவர் வழக்கம். என் கைகளையும் பார்த்தார். நாலு பக்கம் மலையாளத்தில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டதும் கேட்டார்.

"சாமி கையில மஞ்சளே இல்லியே. பொடி வறுக்குறது ஆரு?"

"என் சம்சாரம். நான் கணக்கு."

"அவங்க பேரு இதுல எங்க?"

எண்ணிப் பார்த்தேன். என் பெயர் பதினொரு இடத்தில் இருந்தது. அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அவர் புதுத்தாள் எடுத்து, உரிமையாளர் என்று அவள் பெயரை எழுதினார். உதவியாளர் என்ற இடத்தில் என் பெயர்.

"வருத்தம் வேண்டா, சாமிக்கும் ஜோலி உண்டல்லோ."

மறுநாள் அவளோடு போனேன். மனு எழுதுபவர் அவள் கைகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே மனுவை வாங்கிக்கொண்டார்கள். இயந்திரம் இன்னும் வரவில்லை.

கையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கையெழுத்துப் போடும்வரை ஏன் காத்திருந்தார் என்று இன்னும் புரியவில்லை. இரண்டாவது மனுவுக்குக் காசு வேண்டாமென்றார். முதல் மனுவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார், நாற்பது ரூபாய்.