கோழிக்கூட்டுக்கு இரண்டு காவல்

போன வெள்ளிக்கிழமை காலையில் கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தேன். ரஃபேல் மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டான். மதலேன் அக்காவின் மூத்த மகன் அவன். தெருமுனையிலேயே "சித்தி" என்று கத்த ஆரம்பிக்கிறவன் அன்று சத்தமே இல்லாமல் வந்து நின்றான். "அம்மா போயிடுச்சி சித்தி. வெடியக்காத்தால, தூக்கத்துலயே" என்றான். கையிலிருந்த குருணை முறத்தோடு கீழே விழுந்தது. கோழிகளுக்கு அன்று நல்ல வேட்டை. அவனை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கிற நெல்லித்தோப்புக்காரர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதா கோயிலில் அவர் பாடிக் கேட்டிருப்பீர்கள். ரேஷன் கடை வரிசையில் அவர் சண்டை போட்டும் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே குரல்தான். உங்களில் பலர் அவரிடம் முட்டை வாங்கியிருப்பீர்கள், பேரம் பேசித் தோற்றும் இருப்பீர்கள். ஆனால் அந்த முட்டை வியாபாரம் ஒரு கார்த்திகை மாதத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டியது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் துணி மில் மூடிக் கிடந்தது. அக்காவும் நானும் ஒரே வீட்டுக்காரரின் பின்கட்டில் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம். கிணறும் கொல்லையும் பொது. என் கணவரும் அக்காவின் புருஷன் அந்துவான் அண்ணனும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள், ஒரே நாளில் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். நான் தலையில் கைவைத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தபோது அக்கா வந்தார். "ஆம்பளைங்க உக்காந்துட்டாங்கன்னு நாமளும் உக்காரணுமா? எந்திரிடி. கோழி வளப்போம்" என்றார். எனக்குக் கோழி வளர்க்கத் தெரியாது என்றேன். "எனக்கு மட்டும் தெரியுமா? பயமாத்தான் இருக்கும். பயந்துக்கினே செய்யி" என்றார். அக்காவிடம் எதற்குப் போய் நின்றாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். ரஃபேல் மொபெட் ஓட்டப் பழகியதும் இந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து அந்துவான் அண்ணன் கூடு அடித்தார். நெசவு வேலையில் அவர் கெட்டிக்காரர், தச்சு வேலை வேறு சமாச்சாரம். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, அவ்வளவு இடுக்கு. உள்ளே கோழிகள் உட்கார்ந்து தூங்க நீளமாக ஒரு கழி. கூடு முடிந்ததும் அக்கா குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையில் பின்னிய சிலுவையைக் கொண்டுவந்து கழியின் ஒரு கோடியில் செருகினார். நான் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் மந்திரித்து வாங்கிய மஞ்சள் துணி முடிச்சை மறு கோடியில் கட்டினேன். ஒரு வருஷம் அவிழ்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். அக்கா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கீரிப்புள்ள வந்தா எங்க ஆளு பாத்துக்குவாரு, அந்தப் பக்கம் வந்தா உங்க ஆளு பாத்துக்கும்" என்றார்.

இருவரும் குறைவில்லாமல்தான் பார்த்துக்கொண்டார்கள். கீரி வரவில்லை, பூனை வரவில்லை, திருடனும் வரவில்லை. வெள்ளைக் கோழிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அக்கா ஒவ்வொன்றையும், வெள்ளைக்காரத் துரைசானியைக் கூப்பிடுவதுபோல, "மதாம்" என்றுதான் கூப்பிடுவார். "என்னா மதாம், எந்திரிச்சாச்சா?" என்று காலையில் கூட்டைத் திறக்கிற அந்தக் குரலில்தான் எங்கள் பின்கட்டே விழிக்கும். இரண்டு அடுப்பும் அந்த முட்டையால்தான் எரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கோழிகள் ஒரு அடம் பிடித்தன. சாயங்காலம் கூட்டுக்குள் போக மாட்டேன் என்று கொய்யா மரத்தில் ஏறித் தூறலில் நனைந்துகொண்டு உட்கார்ந்தன. விரட்டி அடைத்தால் உள்ளே ஒரே கூச்சல். கொண்டை எல்லாம் வெளுத்துப்போயிற்று. முட்டை குறைந்தது, வந்த முட்டையிலும் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். முட்டை எடுக்கக் கையை விட்டால் முழங்கை வரை அரிப்பு. அக்கா கழியின் முனையைப் பெயர்த்துப் பார்த்தார். இடுக்கில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து சிந்தியதுபோல ஏதோ அப்பியிருந்தது. விரலால் அழுத்தினார், விரல் முழுக்க ரத்தம். "மொன் தியே, ஆண்டவரே! நம்ம மதாமுங்க ரத்தம்டி இது" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது செள்ளு. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாக விளக்கினார். பகலில் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், இருட்டினால் வெளியே வந்து தூங்குகிற கோழியின் ரத்தத்தைக் குடிக்கும், குடித்ததும் சிவந்துபோய்த் திரும்ப இடுக்குக்கே போய்விடும். ஆகவே கோழியைப் பார்ப்பதைவிட கூட்டைப் பாருங்கள் என்றார். "ஒரே ஒரு இடுக்க விட்டீங்கன்னாலும் ரெண்டு வாரத்துல பழையபடி பெருகிடும்மா. ஒண்ணு விடாம பாருங்க" என்று சொல்லித் தூவ ஒரு பொடியும் கொடுத்தார்.

இதற்குள் செள்ளு சுவர் ஏறி முன்கட்டுக்குப் போய்விட்டது. அங்கே வீட்டுக்காரரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சைக் குழந்தையின் முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு. வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை, மில் மூடியதிலிருந்து எங்களை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனால் பேரக்குழந்தை விஷயம். "கார்த்திகை தீபத்துக்குள்ள செள்ளு போவணும். இல்லன்னா கோழி போவணும். எனக்கு வேற வழி தெரியலம்மா" என்றார். கோழி போனால் எங்களுக்கும் வேறு வழி கிடையாது. மில் திறப்பதாக யாரும் சொல்லவில்லை, கோழிகளை நம்பித்தான் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

வேலையில் அக்காவுக்குச் சமமாக நிற்க யாராலும் முடியாது. கூட்டைக் காலி செய்தோம். படுக்கை வைக்கோலை எரித்தோம். கழியைக் கொதிக்கிற தண்ணீரால் குளிப்பாட்டி வெயில் தலைகாட்டியபோதெல்லாம் காயப்போட்டோம். இடுக்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுண்ணாம்பு அடித்தோம். கோழிகள் புரளச் சாம்பலும் மணலும் கலந்து கொட்டினோம். நாலு நாள் நிம்மதி, பிறகு கோழிகள் மறுபடி கொய்யா மரத்தில். திரும்ப எல்லாவற்றையும் செய்தோம். திரும்பவும் வந்தது. அந்துவான் அண்ணன், "இது செள்ளு இல்ல, சாபம்" என்றார். "கூடு அடிச்ச கைக்குத்தான் சாபம் உடணும்" என்றார் அக்கா.

இரண்டு தடவையும் நாங்கள் தொடாமல் விட்ட இடங்கள் இரண்டு. சிலுவையும் முடிச்சும். மந்திரித்த ஓலையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதா என்று அக்கா தன்னுடையதைத் தொடவில்லை. வருஷம் முடியாமல் அவிழ்த்தால் என்ன ஆகுமோ என்று நான் என்னுடையதைத் தொடவில்லை. அடுத்தவர் சாமியைத் தொடுவது மரியாதையா? அதனால் ஒருவர் மற்றவருடையதையும் தொடவில்லை. செள்ளு அக்காவின் ஓலை மடிப்பில்தான் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அதை எந்த வாயால் சொல்வது? அக்காவுக்கும் என் முடிச்சின் மேல் அதே சந்தேகம் என்று எனக்குத் தெரியாது. ஊரையே பேசி ஜெயிக்கிற அக்கா இதற்கு மட்டும் வாய் திறக்காமல் என் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு குறைந்துபோயிற்று. கோழி போய்விடுமே என்பதைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூன்றாவது தடவையாகக் கொல்லையில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தோம். நான் கழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்து சிலுவைக்கு முன்னால் நிறுத்தினேன். மறு கோடியில் தேய்த்துக்கொண்டு வந்த அக்கா முடிச்சுக்கு முன்னால் நிறுத்தினார். நிமிர்ந்தோம். அக்கா தேங்காய் நாரைக் கீழே போட்டார்.

"ஏண்டி சரோஜா, அந்த ஓலையாண்ட வந்தா மட்டும் ஒன் கை நின்னுடுது?"

"உங்க சாமி சமாச்சாரம் அக்கா, நான் எப்படித் தொடறது? நீங்க மட்டும் என் முடிச்சத் தொட்டீங்களா?"

"அய்ய, அது அம்மனு. எனக்கு என்னா துணிச்சல்?"

இரண்டு பேரும் கழியின் இரண்டு கோடியையும் பார்த்தோம். அப்புறம் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மேல்மூச்சு வாங்கச் சிரித்தார். "நாம ரெண்டு பேரும் மரியாத பாத்துக்கினு நிக்கறோம், அது நடுவுல குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது!" என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார். "ஒன்னோடத நான் கழட்டறேன். என்னோடத நீ கழட்டு. அம்மனுக்குக் கோவம் வந்தா எம்மேல வரட்டும். அடுத்த ஊட்டுப் பொம்பளன்னு உட்டுடுவா."

நான் சிலுவையை எடுத்து ஒரு மடிப்பை நெகிழ்த்தினேன். உள்ளே சாம்பல் நிறமும் சிவப்புமாகக் கொசகொசவென்று ஊர்ந்தது. அக்கா தாம்பாளத்தில் வைத்து முடிச்சின் ஒரு நுனியைப் பிரித்தார். அங்கேயும் அதே கூட்டம். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதபடி இரண்டு சாமிக்கும் சமமாகப் பங்கு வைத்திருந்தது அந்தச் சனியன்.

எரிக்க வேண்டும், வேறு வழியில்லை. நான் தயங்கினேன். அக்கா சொன்னார்: "தீச்சட்டி எடுக்கறீங்க, தீ மிதிக்கறீங்க. நெருப்பு ஒங்க அம்மனுக்குப் புதுசாடி?" அடடா, பூசாரிகூட எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தன் சிலுவையை என் கையிலிருந்து வாங்கியதும் அக்கா அதை அடுப்பில் போடவில்லை. அவ்வளவு பெரிய வாய்க்காரி அடுப்புக்கு முன்னால் சின்னப் பிள்ளையைப்போல நின்றார். நான் சொன்னேன்: "அக்கா, வருஷா வருஷம் பழைய குருத்தோலைய எரிச்சுத்தானே சாம்பல் புதனுக்கு உங்க நெத்தியில பூசறாங்க? இது மூணு மாசம் முந்திக்குது, அவ்வளவுதான்."

அக்கா என்னைப் பார்த்தார். "எங்க கோயில் சங்கதி ஒனக்கு எப்பிடிடி தெரியும்?"

"நெத்தியில சாம்பலோட வந்து எதிர்க்க நிக்கறீங்களே, நான் என்ன குருடியா?"

அவர் ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொன்னார். நான் மாரியாத்தா என்றேன். இரண்டும் ஒரே அடுப்பில் எரிந்தன.

அதற்குப் பிறகு கூடு முழுவதையும் மறுபடி சுத்தம் செய்தோம், இடுக்கையெல்லாம் சுண்ணாம்புக் குழம்பால் அடைத்தோம், கழிக்குக் கால் கொடுத்து அந்தக் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினோம். சாயங்காலம் கொய்யா மரத்திலிருந்து மூத்த கோழி இறங்கிக் கூட்டு வாசலில் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "வாங்க மதாம்" என்றார் அக்கா, அழுகிற குரலில். உள்ளே போயிற்று. மற்றவை பின்னாலேயே போயின.

தீபத்தன்று வீட்டுக்காரர் தன் வெள்ளைத் துண்டைக் கொடுத்துக் கழியில் சுற்றச் சொன்னார். செள்ளு இருந்தால் துண்டில் சிவப்புப் படியும் என்பது அவர் யோசனை. சரியான யோசனைதான். மறுநாள் காலையில் துண்டை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். கோழி எச்சம் மட்டுமே இருந்தது. எச்சத்தைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் கண்டதில்லை. "கோழி இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார். துண்டையும் எங்களிடமே விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயில் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். திரும்பி வந்ததும், "சாமியார் என்ன சொன்னாரு?" என்று படபடப்போடு கேட்டேன். "ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு. அப்பறம், அவரு பங்களா கோழிங்களுக்கும் அரிப்பாம். ஒன்னியும் இட்டுக்கினு வரச் சொன்னாரு" என்றார். போனோம். அங்கேயும் ஒரு இடுக்கு விடாமல் தேய்த்துக் கொடுத்தோம்.

மில் திறந்த பிறகும் நாங்கள் கோழியை விடவில்லை. அடுத்த குருத்தோலை ஞாயிறுக்குப் புதிய சிலுவை வந்தது, ஆடியில் புதிய முடிச்சு வந்தது. அன்று முதல் எங்களுக்குள் ஒரு முறை. மாதம் ஒருநாள் அக்காவுடையதை நான் கழற்றித் தட்டி வெயிலில் வைப்பேன், என்னுடையதை அவர் செய்வார். தன்னுடையதைத் தானே தொடுவது கிடையாது. அக்கா குடும்பம் எங்கள் ஊருக்குள்ளேயே மேட்டுப்பாளையம் பக்கம் வீடு மாறிய பிறகும் அதற்கென்று பஸ் ஏறி வந்தார். "ஒம் முடிச்ச நான் பாக்கலன்னா யாருடி பாப்பா?" என்பார். சாப்பிட்டுவிட்டு என் குழம்பைக் குறை சொல்லிவிட்டுப் போவார். சந்தோஷமான வருஷங்கள் அவை. நான் பொய் சொல்லவில்லை, சண்டை போட்ட நாட்கள்கூடச் சந்தோஷமாகத்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். அக்கா எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும் உத்தரியம், நூலில் கோத்த அந்தச் சின்னத் துணிச் சதுரம், முறுக்கிக்கொண்டு தோளுக்குப் பின்னால் கிடந்தது. அப்படி இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. கையை நீட்டினேன். காரைக்காலிலிருந்து வந்திருந்த உறவுக்கார அம்மாள் ஒருவர், "அது மந்திரிச்சதும்மா, நீங்க தொடக் கூடாது" என்றார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அக்காவின் மகள் பிலோமினா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "எங்க அம்மாவோடத இவங்கதான் தொடணும் அத்தை" என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். என் கையைக் கொண்டுபோய் அக்காவின் கழுத்தருகில் வைத்தாள். நான் முறுக்கை எடுத்தேன். நூலைச் சரிசெய்து, துணியை நேராக்கி அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். அந்த அம்மாளும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

அக்கா விட்டுப்போனதில் எனக்கென்று ஒரு பொருளும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அவருடைய சாமியைத் தொடலாம் என்று எனக்கு அவர் கொடுத்த உரிமை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டேன்.