அப்பாவின் அத்திக் கிண்ணம்

எங்கள் அப்பா அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் கடைவீதி நண்பர்களுக்கும் அப்பாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா கெங்குவார்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்கள். கிணறு வற்றிய பிறகு தேனிக்கு வந்து நாட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பின்பு சொந்தக் கடை வைத்தார்கள். அம்மா சீக்கிரமே போய்விட, என்னைத் தனி ஆளாக வளர்த்தார்கள். கோபக்காரர்தான். ஆனால் வேண்டாத சரக்கை யார் தலையிலும் கட்டியதில்லை.

கடையில் அவர்களின் செல்லப்பிள்ளை, நாரில் கோத்து வரும் உலர்ந்த அத்திப்பழம். மலச்சிக்கலா, அத்தி. பிள்ளை பெற்ற உடம்பா, அத்தி. நார்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து என்று பாடம் மாதிரி ஒப்பிப்பார்கள். தினமும் இரண்டு பழத்தை முதல் நாளே சில்வர் கிண்ணத்தில் ஊறப் போட்டு, காலையில் தண்ணீரோடு கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் அதைப் பழம் என்று யாரும் சொன்னதில்லை. "மருந்து ஊறப் போட்டியா ஆத்தா?" என்றுதான் அப்பா கேட்பார்கள்.

வயதான காலத்தில் பிரஷரால் சிறுநீரகம் பழுதானது. பழம் கூடாது, நாட்டு மருந்தும் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். கூடவே, ரத்தம் குறைவாக இருக்கிறது என்றும் சொன்னார். அப்பாவின் காதில் ஏறியது அது மட்டும்தான். மறுநாளிலிருந்து கிண்ணத்தில் இரண்டு அத்தி எட்டானது. ரத்தம் ஊறட்டும் என்று நானேதான் எண்ணிப் போட்டேன்.

ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பியவர்கள் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"காலு ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கலத்தா."

பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். இசிஜி தாளைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. பொட்டாசியம் ஏறிவிட்டது, இதயம் எந்த நேரமும் நிற்கலாம் என்றார். ஊசி போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"பழம் ஏதும் குடுத்தீகளா?"

"பழத்த வீட்டுக்குள்ளயே விடல டாக்டர்."

"நாட்டு மருந்து?"

"கசாயம், சூரணம் ஒண்ணுமே கிடையாது."

நான் பொய் சொல்லவில்லை. பழம் என்று கேட்டபோது அத்தி எனக்கு மருந்தாக இருந்தது. மருந்து என்று கேட்டபோது அது சாப்பாடாகிவிட்டது. திரையில் கோடு தாறுமாறாக ஓடியது. அப்பா போய்விடுவார்கள் என்றே நினைத்தேன்.

கம்பம் ஊர்க்காரரான நர்ஸ் ஒருவர் என் தோளைத் தொட்டார். "அதெல்லாம் விடுங்கக்கா. ஐயா காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்னத்த வாயில போடுவாக?"

கிண்ணம் கண்முன் வந்து நின்றது.

"அத்தி. எட்டு. ஊறுன தண்ணியையும் குடிச்சிருவாக."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தியில் இருக்கும் பொட்டாசியம் நல்ல உடம்புக்கு நல்லதுதான், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும் என்று பிறகு விளக்கினார். அன்றே டயாலிசிஸ் செய்தார்கள். சாயங்காலம் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நம்ம ரெண்டு பேருந்தானத்தா முட்டாளு" என்றார்கள். கடைக்குத் திரும்பிய முதல் நாளே அத்தி ஜாடியின் மூடியில் தாள் ஒட்டி, "கிட்னி எப்படின்னு கேட்டுக் கொடு" என்று தன் கையால் எழுதினார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்து, ஒரு பிற்பகலில் தூக்கத்திலேயே போனார்கள்.

சரியான கேள்வியைக் கேட்ட அந்த நர்சுக்கும், ஆட்டோ அண்ணனுக்கும், டயாலிசிஸ் நாட்களில் கடையைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதைப் படிப்பவர்கள், காலையில் வாயில் போடுவது எதுவானாலும் அதன் பெயரோடு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நினைவு நாள் படையலில் அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்கிறார். அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். இனி அத்தி அவர்களை ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனாலும் இரண்டே இரண்டுதான் போடுவேன், அப்பா.