சுந்தரபாண்டி சொன்ன உறவு

இலத்தூர் முத்துச்செல்விக்கு முப்பத்தாறு வயது. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கல்யாணமான பதினான்காவது மாதம் அடி தாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, கோர்ட்டுக்கு அலைந்து விவாகரத்து வாங்கியவள். அதன் பிறகு பதினோரு வருடமாக எந்த ஆணோடும் தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

அச்சன்புதூரில் மோட்டார் பம்ப் பழுது பார்க்கும் சுந்தரபாண்டி, சர்க்கரை பார்க்கத் தன் அப்பாவை மாதம் ஒருமுறை அங்கே கூட்டி வருவான். மனைவி இறந்து நான்கு வருடமானவன். ஐந்தாவது மாதம் போன் நம்பர் கேட்டான். கொடுத்தாள். இரண்டு மாதம் பேசிய பிறகு, "ஒருநாள் குற்றாலத்துக்கு வாரீயளா? சும்மா உக்காந்து பேசத்தான்" என்றான்.

வருகிறேன் என்றாள். அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. நகப்பூச்சு போட்டாள், அம்மா கேட்பாளே என்று அழித்தாள், மறுபடி மங்கலான நிறத்தில் போட்டாள். கூட வேலை பார்க்கும் சமீனாவுக்குச் சேலைகளைப் படமெடுத்து அனுப்பினாள்.

"ஏட்டி, இதோட ஆறு சேலை அனுப்பிட்ட. பச்சையவே உடுத்திட்டுப் போ" என்றாள் சமீனா.

வேலையிடத்தில் ஸ்டாக் எடுக்கிறார்கள், வர நேரமாகும் என்று அம்மாவிடம் பொய் சொல்லியாயிற்று. வாங்கிய பூவைப் பைக்குள் ஒளித்து, குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் தலையில் வைத்தாள். சீசன் முடிந்த ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். கூட்டமிருந்தால் தெரிந்த முகமும் இருக்குமே.

அவனும் படபடப்பாகத்தான் வந்திருந்தான். புதுச் சட்டையின் காலரில் விலை அட்டை தொங்கியது. அவள் அதைப் பிய்த்தெடுக்க, இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தருவிப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்கூட்டி பழகி வயலுக்குள் விழுந்த கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தபடி வந்து நின்றார்.

"எந்த ஊரு? ரெண்டு பேரும் என்ன உறவு?"

உங்களுக்கு எதற்கு என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள் சுந்தரபாண்டி எழுந்து கைகட்டி நின்றான்.

"அண்ணாச்சி, இது எங்க அக்கா."

அவனுக்கு வயது முப்பத்தொன்பது!

"அக்காவா? பூவெல்லாம் வச்சி ஜோராத்தான் வந்திருக்கா" என்று அந்த ஆள் சிரித்தார்.

முத்துச்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மொதல்ல அந்தப் போனக் கீழ எறக்குங்க. நான் வேலைக்குப் போறேன், ஓட்டுப் போடுதேன். ஒரு பெஞ்சில உக்கார ஒங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? ஒங்க வீட்டுப் பொம்பளைங்க எங்கன போறாங்கன்னு நான் ரோட்டுல நின்னு கேக்கேனா? படத்த அழிங்க. இல்லன்னா மூணு பேருமா இப்பவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்."

சிப்ஸ் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் அவள் கண்முன்னாலேயே படத்தை அழித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

"பயந்துட்டேன் செல்வி" என்றான் சுந்தரபாண்டி.

"நானுந்தான் பயந்தேன். ஒங்களத் தம்பின்னா சொன்னேன்?"

விறுவிறுவென்று நடந்து போய் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமும். வீட்டுக்குப் போனதும் நடந்ததை ஒளிக்காமல் அம்மாவிடம் சொன்னாள். எல்லாம் கேட்ட குருவம்மாள், "நம்ம ஊர்க்காரங்க ஒருத்தரும் பாக்கலல்லா?" என்று கேட்டாள்.

"பாத்தா என்னம்மா? நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

நான்கு நாள் அவன் கூப்பிட்டபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து, "மன்னிப்பெல்லாம் வேண்டாம். என்னப் பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க. நாலு பேரு பாக்கப் பகல்ல வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தான். யாரைத் தேடி வந்தீர்கள் என்று தெருவில் எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"முத்துச்செல்வியத்தான். பேசிப் பழக வந்திருக்கேன்" என்று அவன் சொன்னது அடுப்படி வரை கேட்டது. கோபம் பாதிதான் இறங்கியது. இருபது நிமிடம் காக்கவைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

இப்போதும் இருவரும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களுக்கு, "அத நாங்க பாத்துக்கிடுதோம்" என்பதுதான் அவள் பதில்.