பெட்டி நிறைய அடுத்தவர் சாமான்

என் மனைவிக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எனக்குத் தலைவலி. சோபா பட்டறையில் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. யாருடைய அவசர வேலையானாலும் முதலாளி அவள் மேசையில்தான் கொண்டுவந்து போடுவார். நானோ பள்ளி வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டையும் கோபமும் எப்போதும் சூடாகவே இருக்கும். எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிப் பிரித்திருந்தால் உருப்படியாக இரண்டு பேர் கிடைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு விமானம். வெளிநாட்டுப் பயணம் என்றதும் ஊர் சுற்றத்தான் என்று நினைத்துக்கொண்டவர்கள் நிறைய. அங்கே இருப்பது அவளுடைய ஒரே தம்பி. கிடங்கு வேலையில் உயரமான ஏணியிலிருந்து விழுந்து, முதுகெலும்பு போய், மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் கிடக்கிறான். இவளுக்கு விசா இப்போதுதான் கிடைத்தது.

போன மாதம் போனில் அவன் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "கதவு தட்டுற சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சுக்கா. நர்ஸ் மட்டும்தான் வராங்க. அவங்ககிட்ட சாவி இருக்கு, தட்ட மாட்டாங்க."

போனை வைத்துவிட்டு இவள் அன்றைக்கே அவனுக்காக நாற்காலி மெத்தை தைக்க உட்கார்ந்தாள். கெட்டியான ஃபோம் கீழே, மிருதுவானது மேலே என்று அடுக்கி ஒட்டினாள். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் அழுத்திப் புண்ணாகியிருந்ததாம். அந்த இடத்தில் பள்ளமாக வெட்டினாள். தானே உட்கார்ந்து பார்ப்பாள், எழுந்து இன்னும் கொஞ்சம் சீவுவாள். பெட்டியில் முதலில் போனது அந்த மெத்தைதான்.

அந்தத் தம்பி யார் தெரியுமா? எங்கள் சொந்தபந்தத்தில் அந்த ஊருக்குப் போன பிள்ளை ஒவ்வொன்றையும் விமான நிலையத்துக்கே போய்க் கூட்டி வந்தவன். தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவன். என் அக்கா மகளுக்கு வேலை தேடிக் கொடுத்தான். இவளுடைய சித்தப்பா மகனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தான். எங்கள் மாடி வீட்டுக்காரரின் மகன் மாதக்கணக்கில் அவன் அறையிலேயே தங்கித் தின்றான். அவன் விழுந்தபிறகு இவர்கள் செய்தது என்ன? போனில் ஆளுக்கொரு பூப்படம் அனுப்பினார்கள். அத்தோடு சரி.

சனிக்கிழமை விடிந்ததும் படையெடுப்பு ஆரம்பித்தது. முதலில் வந்தது என் சொந்த அக்கா, கையில் ஒரு பிரஷர் குக்கரோடு.

"அங்க விக்கிற குக்கர் சரியா விசில் அடிக்கலையாம். என் பொண்ணு புலம்புறா. இதை மட்டும் வச்சுக்கம்மா."

"சரிங்க அண்ணி" என்றாள் என் மனைவி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அக்கா, இது பெட்டியா, லாரியா?"

"உன்கிட்டயா கேட்டேன்? நீ போய் டீ போடு" என்றாள் அக்கா. போட்டேன். அடுப்படியில் பாத்திரங்களைத்தான் உருட்ட முடிந்தது. நான் டீயோடு வருவதற்குள் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குக்கர் மட்டும் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

மாலையில் பட்டறை முதலாளி மகளின் கல்யாண வரவேற்பு. போகாமல் இருக்க முடியாது. அங்கேயும் விடவில்லை. சாப்பாட்டு வரிசையில் வைத்தே, அதே ஊரில் மகன் இருக்கிற ஒரு அம்மாள் எண்ணெய் பாட்டிலை நீட்டினாள். பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள், என்ன ஏற்பாடு பாருங்கள்! இன்னொருவர் கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்பப் படம் கொடுத்தார். எல்லாருக்கும் 'சரி'. எல்லாருடைய காதிலும் இவள் குனிந்து ஏதோ சொன்னாள், மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

ஞாயிறு மதியத்துக்குள் பெட்டி பிதுங்கிவிட்டது. மெத்தை வெளியே கட்டில்மேல் கிடந்தது. மாடி வீட்டுக்காரர் ஒருவர்தான் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவருக்கு மட்டும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். பெரிய பொட்டலம்.

"பையனுக்கு ரெண்டு ஜோடி செருப்பு, கம்பளிச் சட்டை. நீ அலைய வேணாம்மா. தம்பிக்கிட்ட குடுத்துடு, அவன் வண்டியில கொண்டுபோய்க் குடுத்துடுவான்."

அவ்வளவுதான்.

"எந்த வண்டியில? சக்கர நாற்காலியிலயா?" என்று கத்தினேன். "அவன் எழுந்து நின்னே எத்தனை மாசம் ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? வெட்கமா இல்ல?"

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. நான் நிறுத்தவில்லை. பெட்டியைத் திறந்து குக்கரை எடுத்தேன், படத்தை எடுத்தேன். "எல்லாத்தையும் தெருவுல வீசுறேன். அவன் உட்கார மெத்தை வெளியில கிடக்குது, உங்க வீட்டுச் செருப்புக்கு இடமா?"

"வைங்க கீழே" என்றாள் என் மனைவி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலை இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. குக்கரைக் கீழே வைத்தேன்.

அவள் பெட்டிக்குள் கைவிட்டுத் தன் துணிகளையெல்லாம் அள்ளி எடுத்தாள். மாற்றுத்துணி இரண்டை மட்டும் தோள்பையில் திணித்தாள். அந்த இடத்தில் மெத்தையை வைத்தாள். பிறகு சித்தப்பாவின் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"கொண்டுபோறேன் சித்தப்பா. ஆனா யார் வீட்டுக்கும் கொண்டுபோய்த் தரமாட்டேன். தம்பி வீட்டுலதான் இருக்கும். உங்க பையன் அங்க வந்து வாங்கிக்கட்டும்."

"அவ்வளவு தூரமா? தபால்ல போட்டுடேன்மா. அவனுக்கு நேரமே கிடையாது."

"முடியாது சித்தப்பா."

நான் அவளையே பார்த்தேன்.

"அண்ணிக்கும் இதைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் இதைத்தான் சொன்னேன். வந்து கதவைத் தட்டணும். தம்பிதான் நாற்காலியைத் தள்ளிட்டு வந்து திறப்பான். உள்ள வந்து, அவன் பக்கத்துல உட்கார்ந்து, ஒரு வாய் டீ குடிச்சாத்தான் பொட்டலம்."

சித்தப்பா தன் செருப்பை மாட்டிக்கொண்டு தலைகுனிந்தபடி போய்விட்டார். அக்கா ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக இவளை ஏமாளி என்று நினைத்துக் குதித்துக்கொண்டிருந்தவன் நான்.

இவள் தரையில் உட்கார்ந்து வரவேண்டியவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "ஒரே நாள்ல வந்துடாம, ஆளுக்கொரு நாளா வந்தா நல்லா இருக்கும், இல்லீங்க?"

பரண்மேலிருந்து என் பழைய பயணப் பையை இறக்கித் தூசி தட்டினேன். அதே கோபத்தோடு வெளியே வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து கத்தினேன்.

"என்ன சார், பெத்த பிள்ளைக்கு ஒரு பனியன்கூட குடுத்தனுப்ப மாட்டீங்களா?"